மாடிப்படி ஸ்கர்ட்டிங்: முதலில் சுவரில் வரையுங்கள், அப்புறம் வெட்டுங்கள்

மாடிப்படிச் சுவரின் அடியோரத்தில் டைல்ஸ் அல்லது கல் பட்டை, அதாவது ஸ்கர்ட்டிங், பதிக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், கட்டிங் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் பென்சிலை எடுங்கள். கீழ்த்தரையில் தொடங்கி, படி ஏறி, நடுவில் திரும்புகிற சமதளமான லேண்டிங்கைச் சுற்றி, மேல்மாடி வரைக்கும் ஸ்கர்ட்டிங் எங்கே நிற்கப்போகிறதோ அதை முழுதாகச் சுவரில் வரைந்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் இணைப்பும் அந்தப் படத்தில் இருக்கவேண்டும். அரைநாள் போகும். போகட்டும், அந்த அரைநாள்தான் வேலையே. ஒட்டுவதைப் பத்து நாளில் யாரும் பழகிவிடலாம்.

எனக்கு ஊர் மதுரைப் பக்கம் செக்கானூரணி. 11 வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தேன். என் தாய்மாமன் டைல்ஸ் மேஸ்திரி, அவர் போகிற சைட்டுக்கெல்லாம் நானும் போவேன். தரை முடிந்து, குளியலறைச் சுவர் முடிந்து, கடைசியில் மிஞ்சுவது ஸ்கர்ட்டிங். அதற்குள் பெரிய ஆட்கள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். “மிச்சத்த நீ பாத்துக்க தாயி” என்று சொல்லிவிட்டு மாமாவும் வண்டியை எடுத்துவிடுவார். அப்படி என் கைக்கு வந்த வேலை இது. இப்போது 8 வருஷமாக ஸ்கர்ட்டிங் வேலையை மட்டும் தனியாகப் பிடித்துச் செய்கிறேன்.

மாமா இல்லாமல் தனியாகச் செய்த முதல் மாடிப்படி திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டில். ஒரே ஒரு படியை அளந்தேன். கால் வைக்கிற மிதி 10 அங்குலம், நிமிர்ந்து நிற்கிற ரைசர் 6 அங்குலம். மொட்டைமாடியில் உட்கார்ந்து அதே அளவில் எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் வெட்டினேன். கீழே கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால் மூன்றாவது படியிலேயே இடிக்கிறது. ஒரு ரைசர் 5¾, அடுத்தது 6½. மிதியும் அப்படித்தான், ஒன்று கூட, ஒன்று குறைய. கடன் வாங்கிக் கட்டுகிற வீடு அது. வீணான டைல்ஸ் காசை என் கூலியில் கழிக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் மாமாவைக் கூட்டிப் போனேன். அவர் துண்டுகளைப் பார்க்கவே இல்லை, சுவரைத்தான் பார்த்தார். “அளவு டேப்புல இல்ல தாயி, செவுத்துல இருக்கு” என்றார். அந்த ஒரு பேச்சில்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

போன தை மாதம் நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் செய்த வேலையை வைத்துச் சொல்கிறேன். மதுரைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இதே அமைப்புதான் இருக்கும்: கீழிருந்து 10 ரைசர் ஏறினால் லேண்டிங், அங்கே திரும்பி இன்னொரு 10 ரைசர் ஏறினால் மாடி. மொத்த உயரம் 10 அடி, அதாவது 120 அங்குலம். 20 ரைசருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 6 அங்குலம். மிதிக்குக் கறுப்பு கிரானைட், 18 மில்லி (மில்லிமீட்டர்) கனம், முன்பக்கம் 1 அங்குலம் நீட்டிய நோசிங். ரைசருக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் இளஞ்சாம்பல் விட்ரிஃபைடு டைல்ஸ்.

ஸ்கர்ட்டிங் அழகுக்கு வைக்கிற பட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் என் அப்பத்தா வீட்டு மண்சுவருக்கு வெள்ளையடித்ததும், அடியில் ஒரு முழம் உயரத்துக்குச் செம்மண்ணைக் கரைத்துப் பட்டை இழுப்பார். சாணி மெழுகும்போது தெறிக்கிற அழுக்கும், வாசலில் மழைத்தண்ணீர் அடித்துத் தெறிக்கிற சேறும் அந்தப் பட்டையோடு நின்றுவிடும். இன்று மாப் போடும் தண்ணீருக்கும் அதே கதை. சுவரின் அடிப்பூச்சும், பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பட்டியும் அந்தத் தண்ணீரை உறிஞ்சினால் ஒரு வருஷத்தில் பெயிண்ட் பொக்களம் கட்டும். மாடிப்படியில் இன்னும் மோசம். கேஸ் சிலிண்டரை ஏற்றுகிறவர், தண்ணீர் கேன் தூக்குகிறவர், செருப்புக்காலோடு ஓடுகிற பிள்ளைகள் எல்லோரும் சுவரோரத்தைத்தான் இடிக்கிறார்கள்.

முதல் முடிவு, படியோடு மடிந்து மடிந்து ஏறுகிற ஸ்கர்ட்டிங்கா, சாய்வாக ஒரே கோட்டில் ஏறுகிற ஸ்கர்ட்டிங்கா என்பது. மடிப்பு ஸ்கர்ட்டிங் மிதிக்கு மேலே ஒரு துண்டு, ரைசருக்கு முன்னால் ஒரு துண்டு என்று படியின் உருவத்தை அப்படியே பின்பற்றும். சாய்வு ஸ்கர்ட்டிங் நோசிங் முனைகளைத் தொட்டு ஓடும் கோட்டுக்கு மேலே நேர்ப்பட்டையாக ஏறும். கீழே மிஞ்சும் முக்கோணங்களும் கல்லால் மூடப்படும்.

என் அபிப்பிராயம் இது. சுவர்ப்பூச்சோடு சமமாக உட்காரும் ஸ்கர்ட்டிங் என்றால் மடிப்பு போதும். சுவரைவிட வெளியே துருத்தி நிற்கும் என்றால் சாய்வுக்குப் போங்கள். துருத்திய மடிப்பு ஸ்கர்ட்டிங்கில் ஒவ்வொரு படிக்கும் ஒரு குட்டி விளிம்பு கிடைக்கும், ஒவ்வொன்றிலும் தூசி உட்காரும். வீடு கூட்டுகிறவர் 20 படியில் 20 இடத்தைத் துணியால் துடைக்கவேண்டும். இதை யாரும் கட்டும்போது நினைப்பதில்லை. டீச்சரம்மா நினைத்தார். “முழங்கால் வலிக்காரிம்மா நான், குனியவிடாம செஞ்சு குடு” என்று முதல் நாளே சொன்னார். அதனால் பூச்சுக்குச் சமமாகவே வைத்தோம்.

சமமாக வைப்பதற்குக் கணக்கு எளிது. உள்சுவர்ப் பூச்சு சாதாரணமாக 12 மில்லி இருக்கும். டைல்ஸ் 9 மில்லி, பசை 3 மில்லி, சேர்த்தால் அதே 12. பூசும்போதே கொத்தனாரிடம் சொல்லிவைத்து, ஸ்கர்ட்டிங் வரும் பட்டையைப் பூசாமல் விட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். பூசிப் பட்டி பார்த்துப் பெயிண்டும் அடித்த சுவர் என்றால், கோட்டை மெஷினால் 12 மில்லி ஆழத்துக்கு அறுத்து, உள்ளே இருப்பதை உளியால் கொத்தி எடுக்கவேண்டும். அறுப்பதற்கு முன்னால் மாடிப்படி விளக்கின் சுவிட்சும், படியோரத்து ஃபுட் லைட்டும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அவற்றுக்குப் போகும் பைப் பூச்சுக்குள்தான் ஓடும். மின்பலகையில் அந்த லைனின் சுவிட்சை (எம்.சி.பி.) இறக்கிவிட்டு, மெஷினுக்கு வேறு அறையிலிருந்து லைன் இழுத்துக்கொள்ளுங்கள்.

கிரானைட் ஸ்கர்ட்டிங் 18 மில்லி கனம். அதைச் சமமாக உள்ளே தள்ள நினைத்தால் செங்கல்லையே செதுக்கவேண்டி வரும். அது வேண்டாத வேலை. வெளியே நிற்கட்டும், மேல்விளிம்பை மட்டும் பாலிஷ் போட்டு வாங்குங்கள். மேலூர் ரோட்டில் கல் எடுக்கும்போதே பட்டையாக அறுத்து, விளிம்பு மோல்டிங்கும் செய்து தரச் சொல்லலாம். விலையை ரன்னிங் அடிக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் எத்தனை வாங்குவது? 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் 600 மில்லி. 4 அங்குலப் பட்டை என்றால் 100 மில்லி, ஆறு பட்டை கிடைக்கும் என்று கடையில் சொல்வார்கள். கிடைக்காது. ஆறாகப் பிரிக்க ஐந்து வெட்டு வேண்டும், ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு சுமார் 2 மில்லி தின்னும். 10 மில்லி போனால் பட்டை 98 மில்லிதான். அடம் பிடித்து 100 மில்லி என்றால் ஐந்து பட்டை கிடைத்து, ஆறாவது குறைப்பட்டையாக மிஞ்சும். நான் 98 என்றே வைத்துக்கொள்வேன். கண்ணுக்கு அந்த 2 மில்லி தெரியாது. ஆனால் வீடு முழுதும் அதே 98 ஆக இருக்கவேண்டும்.

டீச்சர் வீட்டுக் கணக்கு: இரண்டு ஏற்றத்திலும் சேர்த்து 18 மிதி, 20 ரைசர். (ஒவ்வொரு ஏற்றத்திலும் பத்தாவது மிதி லேண்டிங்கோ மாடித் தரையோதான்.) ஒரு 2 அடிப் பட்டையில் 10, 6, 6 என்று மூன்று துண்டு வெட்டினால் 22 அங்குலம் போகும். அப்படிப் பத்துப் பட்டையில் 20 ரைசர்த் துண்டும் 10 மிதித்துண்டும் வந்துவிடும். மீதி 8 மிதித்துண்டுக்கு நான்கு பட்டை. லேண்டிங்கின் மூன்று சுவரும் சேர்த்து 13½ அடி, அதற்கு ஏழு பட்டை. மொத்தம் 21 பட்டை, டைல்ஸ் கணக்கில் மூன்றரை. நான்கு போதும் என்றாலும் ஐந்தாக வாங்கச் சொன்னேன். உடைந்தால் அதே பேட்ச் மறுபடி கிடைக்காது. குஜராத்தின் மோர்பியிலிருந்து அடுத்த லோடு வரும்போது சாம்பலில் ஒரு சாயல் மாறியிருக்கும்.

வாங்கும்போது டைல்ஸின் பக்கவாட்டைப் பாருங்கள். மேலே பிரிண்ட் மட்டும் உள்ள டைல்ஸை வெட்டினால் உள்ளே வேறு நிறம் தெரியும். டபுள் சார்ஜில் மேற்பகுதியின் நிறம் சில மில்லி ஆழம் வரை இருக்கும். ஃபுல் பாடியில் அடிவரை ஒரே நிறம். சமமாகப் பதிக்கிற ஸ்கர்ட்டிங்கில் விளிம்பு மறைந்துவிடும், எதுவானாலும் பரவாயில்லை. துருத்தி நிற்பதானால் பிரிண்ட் டைல்ஸ் வேண்டாம்.

இனி கோடு. லேண்டிங்கில் தொடங்குங்கள், படியில் அல்ல. காரணம், லேண்டிங்கின் கோடுதான் இரண்டு ஏற்றத்தையும் கட்டிப்போடுகிறது. டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, லேண்டிங்கின் நான்கு மூலையிலும் ஒரே மட்டம் குறியுங்கள். தரை நிச்சயம் அந்த மட்டத்தில் இருக்காது. டீச்சர் வீட்டில் ஜன்னல் பக்கம் 7 மில்லி இறங்கியிருந்தது. ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பு மட்டத்தை விட்டு நகரக் கூடாது. தரையின் ஏற்ற இறக்கத்தைத் துண்டின் அடிப்பக்கம்தான் ஏற்றுக்கொள்ளவேண்டும். தரை மிக உயர்ந்த இடத்தில் பட்டை குறைவாகவும், தாழ்ந்த இடத்தில் முழு 98 ஆகவும் வரும்படி மட்டத்தை வையுங்கள். மேல்கோட்டை நூலில் நீலப்பொடி தடவிச் சுண்டிவிட்டால் போதும். திறந்தவெளி மாடிப்படியில், தண்ணீர் ஓடுவதற்காக லேண்டிங்கை வேண்டுமென்றே சரித்திருப்பார்கள். அங்கே மட்டம் பார்க்காதீர்கள், தரையின் சரிவோடு போங்கள். இல்லாவிட்டால் தரைதான் கோணல் என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

அடுத்து, ஏற்றத்தின் கீழ்ப்படி நோசிங்கிலிருந்து லேண்டிங் நோசிங் வரைக்கும் சுவரை ஒட்டி ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். எந்தப் படி நூலைத் தொடுகிறது, எது விலகுகிறது என்று அப்போது தெரியும். விலகலைப் படியின் மேலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். நானும் அந்த வீட்டில் எழுதினேன்: 4-ஆம் படி 3 மில்லி தாழ்வு, 7-ஆம் படி 5 மில்லி தாழ்வு. மடிப்பு ஸ்கர்ட்டிங்கில் வெளிமூலைகள் எல்லாம் ஒரு கோட்டில் நின்றால்தான் ஏறும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும். 5 மில்லி தாழ்ந்த படியில் பட்டையை 5 மில்லி அகலமாக வெட்டினால் வெளிமூலை கோட்டுக்கு வந்துவிடும். அந்தப் படிக்கு மட்டும் 98 என்ற விதியை நான் தளர்த்துவேன். 10 மில்லிக்கு மேல் விலகல் இருந்தால் ஸ்கர்ட்டிங்கால் மறைக்க முயலாதீர்கள். படியையே முதலில் சரி செய்யச் சொல்லுங்கள். சமமில்லாத படி கால் இடறவைக்கும், வயதானவர் இருக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

மடிப்பு ஸ்கர்ட்டிங்கின் உருவத்தைச் சுவரில் வரைவதற்கு, 98 மில்லி அகலத்தில் ஒரு பிளைவுட் துண்டை அளவுக்கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். டேப் வேண்டாம். கட்டையை மிதியின் மேல் படுக்கவைத்து மேல்விளிம்பில் கோடு, ரைசரை ஒட்டி நிமிர்த்தி வைத்து முன்விளிம்பில் கோடு. இப்படியே பத்துப் படிக்கும் போனால், படியின் நிழல் சுவரில் நான்கு அங்குலம் தள்ளி விழுந்ததுபோல் ஒரு உருவம் கிடைக்கும்.

அந்த உருவத்தை எப்படித் துண்டு போடுவது? மூலைக்கு மூலை 45 பாகையில் சாய்த்து வெட்டிச் சேர்ப்பவர்கள் உண்டு. அப்படி வெட்டினால் ஒவ்வொரு துண்டும் இரு முனையும் ஒரே பக்கம் சாய்ந்த இணைகரமாக வரும். டைல்ஸின் கூர்முனை சில்லு தெறிக்கும், பட்டையும் வீணாகும். நான் நேர்வெட்டுதான். ரைசர்த் துண்டு கீழ்மிதியின் மேல் நின்று, அடுத்த மிதியின் மட்டத்தில் முடியட்டும். அதன் தலைமேல் அடுத்த மிதித்துண்டு நான்கு அங்குலம் முன்னால் வந்து உட்காரட்டும். மறுமுனையில் அந்த மிதித்துண்டு, மேலே வரும் ரைசர்த் துண்டில் போய் முட்டி நிற்கும். இதில் ஒரு நல்லது உண்டு: மிதித்துண்டின் நீளம் ரைசருக்கு ரைசர் உள்ள தூரமே, ரைசர்த் துண்டின் நீளம் அந்தப் படியின் உயரமே. நான்கு அங்குலத்தைக் கூட்டுவதும் கழிப்பதும் ஒன்றையொன்று சரிசெய்துவிடும். ஆனாலும் ஒவ்வொன்றையும் சுவர்ப்படத்திலிருந்து எடுங்கள், முந்தைய துண்டிலிருந்து எடுக்காதீர்கள்.

நோசிங் நீட்டியிருக்கும் படியில் ரைசர்த் துண்டின் மேல்மூலையில் ஒரு வெட்டுவாய் வேண்டும். 1 அங்குலம் அகலம், கிரானைட் கனத்தைவிட ஒரு மில்லி கூடுதலாக 19 மில்லி உயரம். இந்த உள்மூலையை வெட்டும்போது இரண்டு கோட்டையும் மூலை தாண்டி அறுத்துவிட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும். மூலைக்கு 3 மில்லி முன்னாலேயே நிறுத்தி, மீதியைக் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுங்கள்.

துண்டு வெட்டியதும் அதன் பின்புறம் எண் எழுதுங்கள். கீ-4-மி என்றால் கீழ் ஏற்றம், நாலாவது படி, மிதி. சுவரிலும் அதே எண். எல்லாவற்றையும் ஒட்டாமல் நிறுத்திப் பார்த்து, லேண்டிங்கில் நின்று கீழே ஒரு தடவை, கீழே நின்று மேலே ஒரு தடவை பாருங்கள்.

வெட்டும்போது தூசி பற்றி ஒன்று சொல்லவேண்டும். கிரானைட்டிலும் டைல்ஸிலும் சிலிக்கா இருக்கிறது. உலர்வெட்டுத் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் வெளியே வருவதில்லை. சிலிக்கோசிஸ் என்று சொல்கிற அந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. முந்தானையையோ துண்டையோ மூக்கில் சுற்றிக்கொண்டால் போதாது. என்-95 மாஸ்க் போடுங்கள், கண்ணாடி போடுங்கள். வெட்டும் இடத்தில் தம்பி ஒருவனை நிறுத்தி, குழாயால் மெல்லத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். தண்ணீரோடு வேலை செய்வதால் மெஷினுக்குப் போகும் லைனில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ஈரத்தோடு பிளக்கைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் வெட்டாதீர்கள், வாசலிலோ மொட்டைமாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு அண்ணன் இன்று நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறார். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சாய்வு ஸ்கர்ட்டிங் வேண்டும் என்பவர்களுக்கு: நூல் போட்ட நோசிங் கோட்டைச் சுவரில் வரையுங்கள். அதற்கு இணையாக, செங்குத்தாக அளந்து 4 அங்குலம் மேலே இன்னொரு கோடு. செங்குத்து என்றால் சாய்வுக்குச் செங்குத்து, தரைக்கு அல்ல. தூக்குக்குண்டுக் கோட்டில் அளந்தால் 10-க்கு 6 படியில் அது 4.66 அங்குலம் வரும். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நோசிங் கோட்டிலிருந்து நேர் மேலே 4 அங்குலம் அளந்து கோடு போடுவார்கள், சாய்வுப் பட்டை லேண்டிங் பட்டையைவிட ஒல்லியாகிவிடும்.

சாய்வும் மட்டமும் சந்திக்கிற இடத்துக்குப் பாகைமானி தேவையில்லை. சாய்வின் மேல்கோடும் லேண்டிங்கின் மேல்கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்று. அடியில் நோசிங் கோடும் லேண்டிங் தரையும் சந்திக்கும் புள்ளி ஒன்று, அது லேண்டிங்கின் நோசிங் முனையேதான். இந்த இரண்டு புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு. அதுதான் வெட்டு. படியின் சாய்வு சுமார் 31 பாகை, வெட்டு அதில் பாதியாக 15½ பாகை சாய்ந்திருக்கும். இரண்டு துண்டும் ஒரே சாய்வில் வெட்டப்படுவதால் விளிம்பு விளிம்போடு பொருந்தும். கணக்கு தெரியாவிட்டாலும் கோடு சரியாகவே வரும்.

ஏற்றத்தின் அடிமுனையில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். நோசிங் கோட்டைக் கீழே நீட்டினால் அது முதல் ரைசரில் தரையைத் தொடாது. முதல் நோசிங்கிலிருந்து ஒரு மிதி அளவு, அதாவது 10 அங்குலம் முன்னால் தள்ளித்தான் தொடும். சாய்வு அங்கே தொடங்கவேண்டும். அதைக் கவனிக்காமல் தரை ஸ்கர்ட்டிங்கை ரைசர் வரைக்கும் கொண்டுபோய் ஒட்டிவிட்டால், பிறகு பெயர்த்தெடுப்பதைத் தவிர வழி இல்லை. முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டும்போது கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு அச்சு வெட்டி, படியில் வைத்துப் பார்த்துச் சரிசெய்து, கல்லில் வைத்துக் கோடு போடுங்கள். கெட்டி அட்டை, ஈரத்துக்கு உடனே நெளியாது. வீட்டில் எப்படியும் பத்துப் பத்திரிகை கிடக்கும். பட்டையும் முக்கோணமும் ஒரே கல்லாக வேண்டும் என்றால் 9¾ அங்குல அகலக் கல் தேவை. முக்கோணத்தின் ஆழமே 5 அங்குலத்துக்கு மேல். செலவு கூடும், இணைப்பு குறையும். கிரானைட் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

லேண்டிங்கின் உள்மூலைகளை மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பெரிய லேண்டிங்காக இருந்தால் 3 அடி, 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டாலும் கவலை இல்லை. உள்மூலையில் ஒரு துண்டைச் சுவர்வரை ஓடவிட்டு, மற்றதை அதில் முட்டவிடுங்கள். ஏறிவரும் கண்ணுக்கு எதிரே தெரியும் சுவரின் துண்டு முழுதாக ஓடட்டும், இணைப்பு பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். தரை டைல்ஸ் 2 அடி என்றால் தரையின் இணைப்புக்கு நேரே ஸ்கர்ட்டிங் இணைப்பும் வரும்படி பாருங்கள். மூலையில் 2 அங்குலத் துண்டு மிஞ்சும்படி ஒருபோதும் விடாதீர்கள்.

பதிப்பது இனி எளிது. பட்டியின் மேலோ பெயிண்டின் மேலோ ஒட்டாதீர்கள். பட்டி சுவரை விட்டு வரும், அதோடு டைல்ஸும் வரும். சிமெண்ட் பூச்சோ செங்கல்லோ தெரியும்வரை சுரண்டி, தூசியை விளக்குமாற்றால் அடித்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, அரை சதவீதம்கூட இல்லை. அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. பையில் வரும் டைல்ஸ் பசைதான் வேண்டும். பழைய ஆட்கள் வழக்கத்தில் ஊறவைப்பார்கள், விட்ரிஃபைடு டைல்ஸை ஊறவைக்கத் தேவையில்லை. பசையை ஒரு நேரத்தில் நான்கைந்து துண்டுக்கு மட்டும் குழையுங்கள். சித்திரை வைகாசியில் மேற்குப் பார்த்த சுவரில் பசை சீக்கிரம் தோல் கட்டிவிடும், காலை பத்து மணிக்குள் அந்தப் பக்கத்தை முடித்துவிடுவேன். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் ஆளும் கிடைக்காது. அந்த வாரத்தை நம்பி வேலை குறிக்காதீர்கள்.

லேண்டிங்கை முதலில் ஒட்டி முடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அடிப்படியிலிருந்து மேலே வாருங்கள், ரைசர்த் துண்டின் தலையில் மிதித்துண்டு உட்காரவேண்டும் என்பதால். லேண்டிங்கின் தொடக்கத் துண்டை மட்டும் கீழ் ஏற்றம் மேலே வந்து சேரும்வரை ஒட்டாமல் வைத்திருங்கள். மில்லிக் கணக்கில் ஏதாவது மிஞ்சினால் அந்த ஒரு துண்டில் சரிசெய்துகொள்ளலாம். பசையைத் துண்டின் முதுகில் முழுதாகத் தடவி, பல்லுக் கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்து, சுவரில் அழுத்தி ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். நடுவில் மட்டும் குண்டு குண்டாக வைத்தால் உள்ளே காலியாகி, ஒரு சிலிண்டர் இடித்தாலே உடையும். பதித்ததும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் வந்தால் உடனே எடுத்து மறுபடி ஒட்டுங்கள். துண்டுக்குத் துண்டு 2 மில்லி ஸ்பேசர், தரைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் இடையிலும் அதே 2 மில்லி. தரையோடு இறுக்கி வைத்தால் வெயிலில் விரியும்போது முட்டிக்கொள்ளும்.

அன்று இரவு யாரையும் சுவரோரமாக நடக்கவிடாதீர்கள். டீச்சர் வீட்டில் மாடியில் வாடகைக்கு இருந்த பிள்ளைகளுக்காகப் படியின் நடுவே சாக்கை விரித்து, ஓரத்தில் செங்கல் அடுக்கிவிட்டு வந்தேன்.

ஒரு நாள் கழித்து, இணைப்பு இடைவெளிகளை நிரப்புகிற கிரௌட். வெள்ளை சிமெண்டை வாங்கித் திணிக்காதீர்கள், மாப் தண்ணீரில் அது சீக்கிரமே கறுக்கும். டைல்ஸ் நிறத்துக்கு ஏற்ற கிரௌட் பையில் கிடைக்கிறது. செலவு செய்ய முடியுமானால் தரையை ஒட்டிய கோட்டுக்கு மட்டுமாவது எபாக்சி கிரௌட் போடுங்கள். சாதாரண கிரௌட்டைக் குடிக்கிற தண்ணீரில் குழையுங்கள். எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர் நிறைய இடத்தில் உப்பு, காய்ந்ததும் கோடு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். ரப்பர் தகட்டால் அழுத்தித் திணித்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் குறுக்காகத் துடையுங்கள். மேல்விளிம்புக்கும் பூச்சுக்கும் இடையில் இருக்கும் கோட்டைப் பட்டியால் நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, டைல்ஸ் மேல் டேப் ஒட்டிவிட்டுப் பெயிண்டரை வரச் சொல்லலாம்.

மிச்சமான ஒரு முழு டைல்ஸையும் மூன்று பட்டையையும் பெட்டியோடு கட்டி, பெட்டியின் மேல் இருந்த பேட்ச் எண்ணும் சாயல் எண்ணும் அழியாதபடி மார்க்கரால் எழுதி, டீச்சர் வீட்டுப் பரணில் ஏற்றிவைத்தேன். 98 மில்லி என்பதையும் அதிலேயே பெரிதாக எழுதிவிட்டேன்.